பட்டன் சாரும் பச்சையாகாத காளையும்

உலகத்தில் எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் ஒரு ஜன்னலும் இரண்டு பட்டனும் இருந்தால் தீர்ந்துவிடும் என்று நம்பிய ஒரே மனிதர் எங்கள் பட்டன் சார்தான். சட்டைப் பட்டனைச் சொல்லவில்லை. அவர் சட்டையில் அது பாதிதான் இருக்கும். நான் சொல்வது கம்ப்யூட்டர் திரையில் அமுக்குகிற பட்டன். ஜன்னலும் அதே திரையில் திறக்கிறதுதான்.

விராலிமலையில் ஹைவேயை ஒட்டி ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நான் அங்கே டேலியில் கணக்கு எழுதச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர், அவர் புரோகிராமிங் சார். பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு குளத்தூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருவார். அதன் மூடி ஒரு ரப்பர் பேண்டை நம்பித்தான் நின்றது. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். சம்பளக் கவரிலேயே ஓனர் ‘பட்டன் சார்’ என்று எழுதுகிறபோது எனக்கு மட்டும் அது எப்படித் தெரியும்?

எல்லாவற்றுக்கும் காரணம், திரையில் ஜன்னலும் பட்டனும் செய்ய உதவும் ஒரு டூல்கிட். ஓசியில் கிடைப்பது.

“நாலு வரி எழுதுங்க டீச்சர், ஒரு ஜன்னல் வந்து நிக்கும். இன்னும் ரெண்டு வரி எழுதுங்க, அதுல பட்டன் வந்து ஒக்காந்துக்கும். விண்டோஸ்ல போடுங்க, லினக்ஸ்ல போடுங்க, ஒங்க போன்ல போடுங்க, எல்லாத்துலயும் ஒரே மூஞ்சிதான். ஒரு வாரத்துல ஒங்களுக்கே வந்துரும்.”

எனக்கு வரவே வேண்டாம் சாமி என்று கையெடுத்துக் கும்பிடுவேன். விடுவாரா?

டீ சொல்ல ஒரு ஜன்னல் செய்தார். டீ, காபி, எதுவும் வேண்டாம் என்று மூன்று பட்டன். டீயை அமுக்கினால் டீ வராது. ‘உறுதியா?’ என்று இன்னொரு ஜன்னல் வரும். ஆமாம் என்று அதையும் அமுக்கினால், அவரே எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய் டீ சொல்லிவிட்டு வருவார். நான் வாசலில் நின்று ஒரு சத்தம் கொடுத்தால் இதைவிடச் சீக்கிரம் வந்துவிடும்.

போகப் போக அந்த ‘உறுதியா?’ திரையிலிருந்து இறங்கி அவர் வாய்க்கு வந்துவிட்டது.

“சார், வயித்து வலி. நான் வீட்டுக்குக் கெளம்புறேன்.”

“உறுதியா டீச்சர்?”

வலியை எடுத்துக் காட்டவா முடியும்? ஒருநாள் பொறுக்கமாட்டாமல் எதற்கு இந்தக் கேள்வி என்று கேட்டேவிட்டேன்.

“அவசரத்துல கையி பாட்டுக்கு அமுக்கிரும் டீச்சர். மனசு அப்பத்தான் பின்னாடி வந்துக்கிட்டு இருக்கும். நடுவுல ஒரு ஆள் நின்னு கேக்கணும்ல?” என்றார். நான் டேலியைத் திறந்துகொண்டேன்.

பெண் பார்க்கப் போன இடத்திலும் இதே கூத்துதான். அவருடைய அம்மா கூப்பிட்டார்களே என்று நானும் போய்த் தொலைத்தேன். எல்லோரும் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பைத் திறந்து பெண்ணின் முன்னால் வைத்தார். பிடிச்சிருக்கு, பிடிக்கல, யோசிக்கணும் என்று மூன்று பட்டன். அந்தப் பெண் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே ‘யோசிக்கணும்’ என்பதை அமுக்கியது. உடனே ‘உறுதியா?’ வந்து நின்றது.

“தம்பிக்கு வாய் பேச வராதாங்க?” என்று பெண்ணின் அப்பா என்னிடம் கேட்டார். நான் கேசரித் தட்டுக்குள் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவரோ, “‘பிடிக்கல’ங்கறத அமுக்கல, கவனிச்சீங்களா டீச்சர்?” என்று சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

இந்த மனிதரை நம்பி ஒரு உயிர் நிற்கும் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

சென்டருக்கு எதிரே இட்லிக் கடை வைத்திருந்தவர் சகாயம் அக்கா. ஆவூர்ப் பக்கத்துக் கிராமம். அக்காவுக்குப் பிள்ளை இல்லை. யாராவது அந்தப் பேச்சை எடுத்தால், “ஏன், எனக்குத்தான் தொரை இருக்கான்ல?” என்று வாயை அடைத்துவிடுவார். துரை அவர் கன்றிலிருந்து வளர்த்த ஜல்லிக்கட்டுக் காளை. நல்ல கறுப்பு, நெற்றியில் மட்டும் வெள்ளை. காலையில் முதல் ஈட்டு இட்லி அதற்குத்தான். நாங்களெல்லாம் இரண்டாவது ஈட்டுக்குத் தட்டை ஏந்திக்கொண்டு நிற்போம்.

டிவியில் பார்க்கிறவர்களுக்கு ஜல்லிக்கட்டு வாடிவாசலோடு முடிந்துவிடும். காளை வளர்க்கிறவர்களுக்குப் பயமே அங்கேதான் ஆரம்பிக்கும். வெளியே பாய்ந்த காளை கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, கண்ணுக்குத் தெரிந்த பக்கம் ஓடும். எங்கள் பக்கத்துக் காடுகளில் சுற்றுச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறுகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. ஒரு வருஷம் துரை காணாமல் போய், மறுநாள்தான் யாருடைய கடலைக் கொல்லையிலோ கிடைத்தது. அக்கா அழுத அழுகையைப் பார்த்த பட்டன் சார் இட்லிக் கடை பெஞ்சிலேயே உட்கார்ந்து ஒரு ஜன்னல் செய்தார்.

காளைக்கு ஒரு பட்டன். வாடிவாசலைத் தாண்டியதும் சிவப்பாகும். ஓடுகிற பாதைகளில் போனோடு நிற்கும் ஆட்கள் காளையைக் கட்டிவிட்டு ‘புடிச்சாச்சு’ என்று அமுக்கவேண்டும். அப்போதும் பச்சையாகாது. உரிமையாளருக்கு ‘உறுதியா?’ என்று வரும். அவர் அமுக்கினால்தான் பச்சை. ஜல்லிக்கட்டு நடத்தும் கோயிலின் ஆபீஸ் கம்ப்யூட்டர், பாதையில் நிற்கும் பையன்களின் போன், ரப்பர் பேண்ட் லேப்டாப் எல்லாவற்றிலும் ஒரே மாதிரி ஓடியது.

“புடிச்சாச்சுன்னா புடிச்சாச்சுதானப்பா. அதுக்கு மேல என்னா உறுதி? அதைத் தூக்கிருப்பா” என்றார் விழாக் கமிட்டித் தலைவர். சார் தலையை ஆட்டினார், தூக்கவில்லை.

அடுத்த வருஷம் அக்கா ஊர் மாதா கோயில் திருவிழா ஜல்லிக்கட்டுக்கு நானும் சாரும் போயிருந்தோம். பங்குச் சாமியார் காளைகளுக்குத் தீர்த்தம் தெளித்து, ஒவ்வொன்றின் கொம்பிலும் கோயில் சார்பில் ஒரு மஞ்சள் துண்டைக் கட்டிவிட்டார். சாயங்காலம் துரையின் முறை வந்தது. அடேயப்பா, அது பாய்ந்த பாய்ச்சலில் ஒருவன் கைகூடப் படவில்லை. “மாடு ஜெயிச்சிருச்சு! சகாயம் அக்காவுக்குப் பீரோ!” என்று மைக் அலறியது. அக்கா பீரோவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கயிற்றை எடுத்துக்கொண்டு ஓடினார்.

துரை வரவில்லை. மற்ற பட்டன்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாக, துரையும் இன்னும் இரண்டொரு காளையும் மட்டும் சிவப்பாகவே நின்றன. ஆட்கள் நாலாபக்கமும் தேடப் போனார்கள். பொழுது இறங்கத் தொடங்கியது. மேடைப் பக்கம் திரும்பி வந்த அக்கா ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

திடீரென்று மைக் கத்தியது: “சகாயம் அக்கா மாடு கண்மாய்க் கரையில புடிச்சாச்சு! தேடப் போனவங்க திரும்பி வாங்க!”

அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்து “மாதாவே” என்றார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அக்காவிடம் இருந்தது சாதாரண போன். அதனால் சாரின் லேப்டாப்பில்தான் அமுக்கவேண்டும். அக்கா விரலை நீட்டினார்.

“தொரையைப் பாத்தீங்களாக்கா?” என்றார் பட்டன் சார்.

“கட்டிப் போட்டிருக்குன்னு சொல்லிட்டாங்களே தம்பி.”

“நீங்க பாத்தீங்களா?”

அக்காவின் விரல் பாதியில் நின்றது. தலைவர் பாய்ந்து வந்தார். “பரிசு குடுக்க வந்தவரு கார்ல ஏறப் போறாருப்பா! அமுக்கிட்டு அக்காவ மேடைக்கு வரச் சொல்லு!”

“சார், இன்னைக்கு ஒருநாள் ஒங்க உறுதியை மூட்டை கட்டி வைங்க” என்று நானும் கத்தினேன்.

அவர் லேப்டாப்பை மூடி ரப்பர் பேண்டை மாட்டினார். “பச்சையாயிருச்சுன்னா ஒருத்தரும் தேட மாட்டாங்க டீச்சர். அக்கா போயி பாத்துட்டு வரட்டும்” என்றார். பிடி தளரவில்லை. யாரோ அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். மிச்சமிருந்த பட்டனும் தெறித்துப் போனது.

அக்காவை ஒரு பைக்கில் ஏற்றி அனுப்பிவிட்டு, நானும் சாரும் இன்னொன்றில் பின்னாலேயே போனோம். கரையில் வேப்பமரத்தடியில் கறுப்புக் காளை, கொம்பில் மஞ்சள் துண்டு. அக்கா கிட்டே போனார். நின்றார்.

“இது தொரை இல்ல. நெத்தி வெள்ளை எங்கே?”

“கறுப்பு மாடுக்கா, மஞ்சத் துண்டு இருக்கே” என்றான் பிடித்தவன். எல்லாக் காளைக்கும் அதே துண்டுதான் கட்டியிருக்கிறது என்பது அப்போதுதான் எங்கள் மண்டைக்கு உறைத்தது.

பட்டன் சார் போனை எடுத்து மைக்குக்காரரைக் கூப்பிட்டார். “அது வேற மாடு. தொரை இன்னும் செவப்புதான். எல்லாரையும் திருப்பி அனுப்புங்க.”

கண்மாய்க்கு அப்பால் தைலமரக் காட்டுக்குள் தேடினோம், வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. “தொரே! ஏ தொரே!” என்று அக்கா கூப்பிட்டுக்கொண்டே ஓடினார். ஒரு இடத்தில் கூப்பிட்டதற்குப் பதில் வந்தது. தரைக்கு அடியிலிருந்து வந்தது.

மொட்டைக் கிணறு. எட்டிப் பார்த்தால் கழுத்துவரை தண்ணீரில் துரை, மூச்சு இரைக்க, மூக்கை மட்டும் தூக்கிக்கொண்டு. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அதுவும் தெரிந்திருக்காது. “ஆத்தா வந்துட்டேன்டா, அலையாத, நில்லு” என்று அக்கா விளிம்பில் மண்டியிட்டார். நாங்கள் இரண்டு பேர் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டோம்.

தீயணைப்பு வண்டி வந்தது. இரண்டு பேர் கயிற்றோடு உள்ளே இறங்கினார்கள். மேலே ஊரே வடத்தைப் பிடித்து நின்றது.

“கட்டியாச்சு! இழுங்க!” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

“உறுதியா?” என்று கேட்டது நம் ஆள்தான்.

அவரையும் உள்ளே தள்ளிவிடப் போகிறார்கள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். உள்ளே இருந்தவர் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

“இருங்க, இருங்க! வயித்துக் கட்டு வழுக்குது. இழுத்துறாதீங்க!”

மறுபடி கட்டினார்கள். “இப்ப இழுங்க!” என்றார்கள். ஆனால் வடத்தைப் பிடித்திருந்த ஒருவர்கூட இழுக்கவில்லை. தலைவர் உட்பட அத்தனை பேரும் திரும்பி, பட்டனில்லாத சட்டையோடு நின்ற அந்த மனிதரைப் பார்த்தார்கள்.

“உறுதியா?”

“உறுதி சார்!”

துரை மேலே வந்தது. நாலு காலும் உதற, மண்ணில் நின்றது. அக்கா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “ஊரு ஒலகத்துல வேற எடமே கெடைக்கலையா ஒனக்கு?” என்று திட்டித் திட்டி அழுதார். பட்டன் சார் லேப்டாப்பைத் திறந்து நீட்டினார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அக்கா அமுக்கினார். பச்சையானது.

கொஞ்ச நாளில் அவருக்குக் கோயம்புத்தூரில் வேலை கிடைத்தது. பஸ் ஏற்றிவிட அக்கா இட்லிப் பொட்டலத்தோடு வந்தார், நானும் போனேன். அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்: “அப்பாடா, ஒங்க தொல்லை இன்னையோட விட்டுச்சு சார். இனிமே நிம்மதியா இருப்பேன்.”

பஸ் நகர்ந்தது. ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

“உறுதியா டீச்சர்?”

“இல்ல சார்” என்றேன். பஸ் போய்விட்டிருந்தது.