மாப்பிள்ளை வீட்டு வாசலைத் தாண்டிப் போன வண்டி

அடக்கமான பெண் என்று பெயர் வாங்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. தலையைக் குனிந்து, வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும், ஊரே சேர்ந்து அந்தப் பட்டத்தைக் கொடுத்துவிடும். நிச்சயதார்த்தத்திலிருந்து கல்யாணம் வரைக்கும் மூன்று மாதம் நான் அதைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றினேன். தாலி ஏறிய அன்று மத்தியானமே, திருநகரில் ஒரு தெரு முழுக்க நின்று பார்த்துக்கொண்டிருக்க, பறிகொடுத்தேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருந்தது. வெற்றிலைக் கட்டுகளை மதுரைக்குக் கொண்டுபோக அப்பா ஒரு டீசல் பிக்கப் வண்டி வாங்கியிருந்தார். எத்தனையாவது கை மாறி வந்தது என்று அவருக்கே தெரியாது. முன்னால் மூன்று பேர் நெருக்கி உட்காரலாம், பின்னால் திறந்த தொட்டி. அதை ஓட்டியது என் அண்ணன் பாண்டி. விளையாட்டாகத் தென்னந்தோப்புக்குள் எனக்கும் ஓட்டச் சொல்லிக் கொடுத்தான். பிறகு அவனுக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட, கிள்ளிய வெற்றிலை வாடிப்போகுமே என்று கொடிக்காலிலிருந்து மெயின் ரோடு வரைக்கும் நான்தான் ஓட்டினேன். அவன் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் நான் ஸ்டியரிங்கை விடவில்லை. (லைசென்ஸா? தென்னைமரம் எதுவும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.)

அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, திருநகரிலிருந்து ஒரு வரன் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு ஒரு ஆபீஸில் கணக்கு வேலை. அப்பா இல்லை, அம்மா மட்டும்தான். அந்த அம்மா ரொம்பக் கண்டிப்பு, அடக்கமான பெண்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறாராம். சின்னம்மா என்னைத் தனியாகக் கூட்டிப்போய், வண்டி ஓட்டுகிற கதையை மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை என்னைப் பார்த்ததைவிடத் தன் மூக்குக் கண்ணாடியைத் துடைத்ததுதான் அதிகம். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமலேயே கல்யாணம் முடிவானது.

கல்யாணம் சோழவந்தானிலேயே நடந்தது. சாப்பாடு முடிந்து திருநகருக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், வாடகைக்குப் பேசியிருந்த கார் வரவில்லை. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. பீரோவும் கட்டிலும் ஏற்றித் தயாராக நின்ற எங்கள் பிக்கப்பிலேயே பொண்ணு மாப்பிள்ளையையும் ஏற்றிவிடுவது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். அண்ணனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. தங்கச்சியின் சீர் ஏறுகிற வண்டி என்று முதல்நாளே அதைக் கழுவி, சந்தனம் வைத்து, எண்ணெய் ஊற்ற வேண்டிய இடத்திலெல்லாம் தாராளமாக ஊற்றி வைத்திருந்தான். (அந்தத் தாராளம்தான் பிறகு எங்களைத் துரத்தியது.)

அண்ணன் ஓட்ட, நான் நடுவில், மாப்பிள்ளை ஜன்னல் ஓரம். பின்னால் தொட்டியில் பீரோவைப் பிடித்தபடி சின்னம்மாவும் இன்னும் சில உறவுக்காரப் பெண்களும்.

சமயநல்லூர் தாண்டும்போது அண்ணன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். வண்டி அடங்கவில்லை. யாரோ கண்ணுக்குத் தெரியாதவன் மிதிப்பதுபோல எஞ்சின் தானாக ஊம்ம்ம் என்று ஏறியது. முன்னால் போன மாட்டுவண்டியை உரசுகிற மாதிரித் தாண்டினோம். பிறகு அதுவாகவே தணிந்தது. மாப்பிள்ளை முன்னாலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். டீசலில் காத்து புகுந்திருக்கும் மாப்ள, ஒண்ணுமில்லை என்று அண்ணன் சமாதானம் சொன்னான்.

எனக்கு உதடு துடித்தது. காற்று புகுந்தால் வண்டி திக்கித் திணறி நிற்குமே தவிர ஏன் தானாக ரேஸ் ஆகிறது என்று கேட்க வேண்டும்போல இருந்தது. ஆக்சிலேட்டர் கேபிள்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எனக்குள் தீர்ப்பே சொல்லிவிட்டேன். (அதுவும் தப்பு. ஆனால் தெரியாத விஷயத்தில் அன்றைக்கு எனக்கிருந்த தன்னம்பிக்கை இன்றைக்குத் தெரிந்த விஷயத்தில்கூட இல்லை.) பழங்காநத்தத்தில் இன்னொரு முறை ஏறி இறங்கியது. மாப்பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நான் மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

திருநகரில் மாப்பிள்ளை வீட்டுத் தெருமுனையில் ஒரு பிள்ளையார் கோவில். அங்கே ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும் என்று சின்னம்மா பின்னாலிருந்து கூரையைத் தட்டினார். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ ஆகாதோ என்று அண்ணன் எஞ்சினை ஓடவிட்டே இறங்கினான். இறங்குமுன் அடைப்பு எடுக்கிறேன் பேர்வழி என்று ஆக்சிலேட்டரை நாலு மிதி மிதித்துவிட்டு வேறு போனான்.

அவன் தேங்காயை ஓங்கிய நேரத்தில் எஞ்சின் அலற ஆரம்பித்தது. இந்தத் தடவை தணியவில்லை. புகை வெள்ளையாகக் கிளம்பிக் கோவிலை மறைத்தது. வண்டி மொத்தமும் உதறியது, பின்னால் பீரோ கதவு படபடவென்று அடித்தது. எஞ்சின் வெடித்துவிடும் என்று தோன்றியது. தொட்டியில் இருந்த பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். மூன்று மாத அடக்கம் அந்த இடத்தில் முடிந்தது.

நான் டிரைவர் சீட்டுக்கு நகர்ந்து சாவியைத் திருப்பினேன். நிற்கவில்லை. எஞ்சினை அணைக்கிற கம்பியை இழுத்தேன். அதற்கும் நிற்கவில்லை. இனி ஒரே வழி, பிரேக்கை அழுத்திக்கொண்டு டாப் கியரில் போட்டு கிளட்ச்சை விட்டால் எஞ்சின் பாரம் தாங்காமல் திணறி நின்றுவிடும். அண்ணன் ஒருமுறை செய்து பார்த்திருக்கிறேன். நானும் அப்படியே செய்தேன். ஆனால் பதற்றத்தில் விழுந்தது டாப் கியர் இல்லை, ரெண்டாவது கியர். போதாததற்குப் பட்டுச்சேலைக் கொசுவம் காலில் சுற்றி, பிரேக்கிலிருந்து கால் வழுக்கியது.

வண்டி சுண்டிவிட்டதுபோலப் பாய்ந்தது.

தெருவின் நடுவில் மாப்பிள்ளை வீடு. வாசலில் பந்தல், கோலம், கூட்டம். முன்னால் என் மாமியார் ஆரத்தித் தட்டோடு நின்றார். வண்டி வருவதைப் பார்த்துத் தட்டைத் தூக்கினார். நான் நிறுத்தாமல் அவரைத் தாண்டிப் போனேன். அந்த நேரத்திலும் பெரியவர்களுக்கு மரியாதை குறையக் கூடாது என்று எந்தப் புத்தி சொன்னதோ, ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டுபோய் ஒரு கும்பிடு வேறு போட்டேன்.

திருநகர் தெருக்கள் நேர்நேராக இருப்பதற்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். வலது பக்கம் திரும்பி, மறுபடி வலது, மறுபடி வலது. சின்னம்மா கூரையை இடித்துக்கொண்டே தெரிந்த குலசாமியை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அண்ணன் ஒரு கையில் தேங்காய் மூடியோடு பின்னால் ஓடிவந்துகொண்டிருந்தான். மறுபடி அதே தெருவுக்குள் நுழைந்தபோதுதான் கியர் தப்பு என்று எனக்கு உறைத்தது. கிளட்ச்சை மிதித்து டாப் கியருக்குத் தள்ளினேன். எஞ்சின் காது கிழியக் கத்தியது. இனி பிரேக்கைக் கெட்டியாக அழுத்த வேண்டும். என் ஒரு கால் பலம் போதாது, அதுவும் சேலைக்குள் சிக்கிக் கிடந்தது.

"என்னங்க, கீழ குனிஞ்சு அந்தப் பிரேக்கை ரெண்டு கையாலயும் அமுக்குங்க," என்று கத்தினேன்.

அதுதான் நான் என் கணவரிடம் பேசிய முதல் வார்த்தை.

வேறு யாராக இருந்தாலும் உனக்கு என்ன தெரியும் என்று கேட்டிருப்பார்கள். எது பிரேக் என்றுகூட அவருக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பட்டு வேட்டி, மாலை எல்லாவற்றோடும் கியர்க் கம்பியைத் தாண்டி என் காலடியில் சரிந்தார். "இதா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். தன் முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்து அமுக்கினார். நான் கிளட்ச்சை விட்டேன். வண்டி ஒரு உலுக்கு உலுக்கியது, அடிவயிற்றில் ஒரு முனகல், அப்புறம் சத்தமில்லை.

நின்ற இடம் சரியாக மாப்பிள்ளை வீட்டு வாசல். (நான் திட்டமிட்டு நிறுத்தியதாக அண்ணன் இன்றைக்கும் நம்புகிறான். நானும் மறுத்ததில்லை.)

புகை விலகியது. தெரு பார்த்த காட்சி இதுதான். கழுத்தில் மாலையோடு கல்யாணப் பெண் டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். மாப்பிள்ளை பிரேக்கோடு அவள் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்தபடி தரையில் கிடக்கிறார். எழுந்தால் வண்டி மறுபடி ஓடிவிடுமோ என்று பயந்து அவர் பிடியை விடவேயில்லை. கூட்டத்தில் யாரோ, மாப்பிள்ளை கல்யாணத்தன்றைக்கே காலில் விழுந்துவிட்டார், மற்றவர்களுக்கெல்லாம் வருஷக்கணக்கு ஆகும் என்று சொல்ல, பந்தலே சிரித்தது.

மாமியார் சிரிக்கவில்லை. தட்டோடு வண்டிக்குப் பக்கத்தில் வந்தார். என்னைப் பார்த்தார், கீழே கிடந்த மகனைப் பார்த்தார். இப்படியே வண்டியைத் திருப்பச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பின்னால் சின்னம்மா, பொண்ணு இதுக்கு முன்னாடி இப்படிப் பண்ணினதே இல்லை என்று யாரும் கேட்காமலே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தார். மாமியார், அணைந்துபோன சூடத்தை மறுபடி ஏற்றச் சொன்னார். மகனை எழுந்து என் பக்கத்தில் உட்காரச் சொன்னார். வண்டிக் கதவைத் திறந்துவைத்து, அங்கேயே எங்கள் இரண்டு பேருக்கும் ஆரத்தி சுற்றினார். பிறகு கொஞ்சம் யோசித்து, எஞ்சின் பக்கமும் போய் ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

சாயங்காலம் அடுப்படியில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். வண்டி ஓட்டத் தெரியும் என்று ஏன் யாரும் சொல்லவில்லை என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுவீர்கள் என்று பயந்துதான் என்றேன்.

அவர் காபியை ஆற்றினார். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்," என்றார். டம்ளரை என் கையில் கொடுத்தார். "நல்லவேளை, சொல்லலை."

மறுநாள் மெக்கானிக் வந்து பார்த்தார். காற்றை வடிகட்டுகிற கிண்ணத்தில் கோடு வரைக்கும் ஊற்ற வேண்டிய எண்ணெயை அண்ணன் கழுத்து வரைக்கும் ஊற்றியிருக்கிறான். குலுங்கக் குலுங்க எஞ்சின் அதை உறிஞ்சிக் குடித்து, டீசலே இல்லாமல் அந்த எண்ணெயிலேயே ஓடியிருக்கிறது. அதனால்தான் சாவிக்கும் நிற்கவில்லை, கம்பிக்கும் நிற்கவில்லை. பாசத்தைக் குறைத்து ஊற்றியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அண்ணன் அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு ஒருநாள் வெற்றிலையோடு வந்து வாசலிலேயே நின்றான். மாமியார்தான் உள்ளே கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்.

சில வருஷம் கழித்து நாங்கள் ஒரு பழைய கார் வாங்கினோம். முறையாக லைசென்ஸ் எடுத்து நான்தான் ஓட்டினேன். என் கணவர் இன்றுவரைக்கும் கற்றுக்கொள்ளவே இல்லை. அழகர்கோவிலுக்குப் போகும்போதெல்லாம் மாமியார் முன் சீட்டைப் பிடித்துக்கொள்வார், மகன் பின்னால் போக வேண்டும். வழியில் யாரையாவது ஏற்றிக்கொண்டால், என் மருமகள் ஓட்டுவாள், ஆனால் முதல் தடவை வீட்டு வாசலில் நிற்க மாட்டாள், ஒரு சுற்றுச் சுற்றி வந்துதான் நிற்பாள் என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொல்வார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்தக் கல்யாணம் நடந்தாலும் இந்தக் கதை ஒருமுறை வந்துவிடும். புது மாப்பிள்ளையைப் பிடித்து, எங்கள் வீட்டு வழக்கப்படி இன்றைக்கே பெண்ணின் காலில் விழ வேண்டும் என்று கலாட்டா செய்வார்கள். எல்லாரும் என் கணவர் பக்கம் திரும்பி, நிஜமாகவே விழுந்தீர்களா என்று கேட்பார்கள். அவர் ஒருபோதும் மறுத்ததில்லை. பல வருஷமாக ஒரே பதில்தான்.

"விழுந்தேன். வண்டி நின்னுச்சுல்ல?"