தெருவெங்கும் முத்திரை

அலமாரியில் பூட்டு இருந்தது, சாவி இருந்தது, சுத்தியலைச் சுற்றி வைத்திருந்த சிவப்புத் துணிகூட இருந்தது. சுத்தியலைத்தான் காணோம். வனவர் அலமாரியை இரண்டாம் முறையும் துழாவினார்.

வெறும் சுத்தியலாக இருந்தால் கடையில் ஒன்று வாங்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்திருப்பார். இது முத்திரைச் சுத்தியல். அதன் முகத்தில் வட்டத்துக்குள் ஒரு மரம் செதுக்கியிருக்கும். காட்டில் முற்றிப்போன மரம், நோய் விழுந்த மரம், பக்கத்துக் கன்றுகளை வளரவிடாமல் நெருக்குகிற மரம் என்று பார்த்துப் பார்த்து அதனால் ஓர் அடி அடித்தால், அந்த மரத்தை வெட்டலாம் என்று அர்த்தம். அடி விழாத மரத்தைத் தொட்டவன் கம்பி எண்ண வேண்டியதுதான். ஆபீசுக்கு ஒரு சுத்தியல், ஆனால் இலாகா முழுவதற்கும் ஒரே முத்திரை. கடத்தல்காரன் கையில் அது சிக்கினால் காடு மொட்டையாகிவிடும், வனவருக்கு வேலையும் போய்விடும். இரண்டில் எது பெரிய கவலை என்று கேட்டால் காடு என்றுதான் சொல்வார். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொல்வார்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது. மண்டல அதிகாரி மதியம் சோதனைக்கு வருகிறாராம். சுத்தியலை மேசைமேல் எடுத்து வைக்க வேண்டுமாம்.

அலுவலகத்தின் பின்கட்டுதான் வீடு. உள்ளே ஓடினார்.

"அலமாரியைத் திறந்தியா?"

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கண்ணாடி மாட்ட ஒரு ஆணி அடிங்கன்னு எத்தனை நாளா கத்தறேன்? நீங்க அசையல. நானே அடிச்சிட்டேன்."

"அரசாங்கச் சுத்தியால ஆணி அடிச்சியா!"

"அது அரசாங்கச் சுத்தின்னு ஆணிக்குத் தெரியுமா?"

"இப்ப எங்க அது?"

"எதிர்வீட்டுத் தையல்காரர் கேட்டார், குடுத்தேன். அக்கம்பக்கத்துல ஒரு ஒத்தாசை வேண்டாமா?"

தையல்காரரின் மேசை இத்தனை காலமும் ஆடிக்கொண்டிருந்தது. இன்றைக்குக் கல்லு மாதிரி நின்றது. அதன் நான்கு கால்களிலும், பக்கத்திலிருந்த முக்காலியிலும் மரம் மரமாக முத்திரை விழுந்திருந்தது. சட்டப்படி பார்த்தால் அந்த மேசையை யார் வேண்டுமானாலும் வெட்டலாம்.

"என்னமா விழுந்திருக்கு பாருங்க சார்!" என்றார் தையல்காரர் பூரிப்போடு. "தெருவே வந்து பார்த்துட்டுப் போகுது."

"சுத்தி எங்க?"

"ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர் வாங்கிட்டுப் போனார். புதுக் கதவு போட்டிருக்காரே."

ஹெட்மாஸ்டர் வீட்டில் ஆள் இல்லை. கதவு மட்டும் இருந்தது. மேலிருந்து கீழ்வரை முத்திரை. வனவர் வேலையில் சேர்ந்த நாள்முதல் அத்தனை மரத்துக்கு அவர் அனுமதி கொடுத்ததில்லை. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தாள். "சுத்தியோட எங்கேயோ போனாருங்க. ஆமா, சர்க்கார் முத்திரை விழுந்தா கரையானே வராதாமே? எங்க கட்டிலுக்கும் ஒண்ணு போட்டுக் குடுங்களேன்."

அவளை எப்படியாவது கிளப்பிவிட வேண்டும் என்று வனவர் வாய்க்கு வந்ததைச் சொன்னார். "அது கண்ட மரத்துக்கெல்லாம் போடறதில்லம்மா. தகுதி பார்த்துத்தான் போடுவோம்."

வந்தது வினை. தன் வீட்டு மரத்துக்குத் தகுதியில்லை என்று ஒப்புக்கொள்ள அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்? சற்று நேரத்தில் முக்காலி, ஊஞ்சல் பலகை, தொட்டில் எல்லாம் வாசலுக்கு வந்துவிட்டன. "எங்களுது தேக்கு சார்!" என்று ஒருவர் வனவரின் கையைப் பிடித்து இழுத்தார்.

கையை உருவிக்கொண்டு அவர் ஓடியது கொல்லுப் பட்டறைக்கு. போகிற போக்கில் தையல்காரர் வீட்டு, முத்திரை விழுந்த முக்காலியை மாதிரிக்கு அள்ளிக்கொண்டார்.

"இதே மாதிரி ஒரு சுத்தி வேணும்," என்று காதோடு சொன்னார். "வெளிய தெரியக் கூடாது."

கொல்லருக்குக் காது மந்தம். "என்னது, போலி முத்திரையா?" என்று அவர் கேட்டது சாலைக்கு அந்தப்பக்கம் வரை கேட்டது. ஆனால் கைதேர்ந்த ஆள். மதியத்துக்குள் செய்து கொடுத்துவிட்டார். அதில் கரியைப் பூசி, பிடியை மண்ணில் தேய்த்துப் பழசாக்கி, சிவப்புத் துணியை விரித்து மேசைமேல் வைத்தார் வனவர். வாழ்நாளில் செய்த முதல் திருட்டுத்தனம்.

அதிகாரி வந்தார். பின்னால் அவருடைய ஓட்டுநர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதிகாரி சுத்தியலை எடுத்து எடை பார்த்தார், முகத்தைத் தடவிப் பார்த்தார்.

"பத்திரமா வச்சிருக்கீங்க," என்றார். ஏனோ குரல் கம்மியிருந்தது. பெருமூச்சு விட்டுக்கொண்டு சுத்தியலைத் திரும்ப வைக்கப் போனார். வனவருக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

அப்போதுதான் வாசலில் ஊர்வலம். முன்னால் ஹெட்மாஸ்டர், பின்னால் கட்டிலும் தொட்டிலுமாகத் தெரு.

"தம்பி, இந்தாங்க உங்க சுத்தி!" என்று ஹெட்மாஸ்டர் அசலைத் தூக்கிக் காட்டினார். "பிடி லொடலொடன்னு இருந்துச்சு. ஆப்பு அடிச்சு இறுக்கிக் கொண்டாந்திருக்கேன்."

அதிகாரியின் பார்வை ஒரு சுத்தியலிலிருந்து மற்றதற்குப் போய் வந்தது.

"ரெண்டா?"

புருஷன் மாட்டிக்கொண்டதைப் பார்த்த மனைவி கைகொடுக்க ஓடி வந்தாள். "ஒண்ணு ஆபீசுக்குங்க, ஒண்ணு வீட்டுக்குங்க."

வனவர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி எல்லாரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார். வனவர் ஒன்றுவிடாமல் கொட்டிவிட்டார். ஆணி, மேசை, கதவு, கொல்லர், எல்லாம்.

"என் வேலை போனாப் போகட்டும் ஐயா," என்றார். "காட்டுல ஒரு மரத்துலகூடத் தப்பா அடி விழல. அது போதும் எனக்கு."

அதிகாரி இரண்டு சுத்தியலையும் முகத்தோடு முகம் வைத்துப் பார்த்தார். மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. கொல்லர் செய்ததைச் சிவப்புத் துணியில் சுற்றித் தன் பைக்குள் போட்டார்.

"ஒரு ஆபீசுக்கு ஒரு சுத்திதான் இருக்கணும். இன்னொண்ணை நான் பறிமுதல் பண்றேன். மத்தபடி எல்லாம் ஒழுங்கா இருக்கு. உங்களை மாதிரி ஆளுங்கதான் இலாகாவுக்கு வேணும்."

வனவரின் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார். கண் கலங்கியிருந்தது. பிறகு, வந்தபோது இல்லாத துள்ளலோடு படியிறங்கி ஜீப்பில் ஏறிக்கொண்டார்.

வனவருக்கு ஒன்றும் புரியவில்லை. வேலை இருக்கிறதா, போய்விட்டதா? நின்ற இடத்திலேயே நின்றார். அதிகாரி மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியை எடுக்க ஓட்டுநர் திரும்பி வந்தார். வாசலை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு வனவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ரொம்ப உபகாரம் சார். எங்க ஐயா தன்னோட சுத்தியைத் தொலைச்ச நாள்லேர்ந்து ஆபீஸ் ஆபீசா சோதனை போட்டு அலையறோம். ரெண்டு வச்சிருந்த புண்ணியவான் நீங்க ஒருத்தர்தான்!"