துண்டுக்கு அடியில் ஒரு கல்லூரி

கீழ்வீட்டில் யாரோ மிளகாய் வத்தல் வறுக்கிறார்கள். நெடி மாடியேறி வந்து, பாதியில் நிற்கும் என் வரியின் மேல் ஒரு கணம் உட்கார்ந்து, பிறகு என் மூக்கைக் கண்டுபிடித்துவிட்டது. தும்முகிறேன். என் தும்மலுக்குள்ளிருந்து இன்னொருவரின் தும்மல் கேட்கிறது. தலைப்பாகை கட்டி, கோட்டுப் பையில் சங்கிலிக் கடிகாரம் தொங்கவிட்ட ஒரு கல்லூரி முதல்வரின் தும்மல் அது. சுதந்திரம் வந்த புதிதில் தும்மியவர். என் காதில் இன்னும் தும்மிக்கொண்டிருக்கிறார்.

கல்லூரி என்பது மிளகாய் மூட்டை அல்ல. எல்லாருக்கும் பிறக்கும்போதே தெரிந்த இந்த உண்மை, எனக்கு மட்டும் கொஞ்சம் தாமதமாகத் தெரியவந்தது.

எங்களுக்கு ராயபுரம் கல்மண்டபத்தில் மிளகாய் மண்டி. தெற்கத்திச் சீமையிலிருந்து வத்தல் மூட்டைகள் ரயிலேறி வரும். ஒரு பக்கம் துறைமுகத்துக் கப்பல் ஊதும். மறுபக்கம் எங்கள் தெரு தும்மும். இரண்டுக்கும் நடுவில்தான் நான் வளர்ந்தேன், கவிதை எழுதினேன். (அந்தக் கவிதைகளில் கண்ணீர் நிறைய இருக்கும். காதல் என்று நண்பர்கள் நினைத்தார்கள். வத்தல்தான்.)

மண்டிக்கு என்று சில சட்டங்கள் உண்டு. வேண்டிய சரக்கைப் புகழக் கூடாது. வேண்டாத சரக்கைத்தான் புகழலாம். ஒருவன் மூட்டையைப் பிரித்து "ஆகா, என்ன நெறம்!" என்றால் அவன் வாங்க மாட்டான் என்று அர்த்தம். முகத்தைச் சுளித்து, "காம்பு ஜாஸ்தி, ஈரம் ஜாஸ்தி, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்கிறவன்தான் வாங்குவான். விலையை வாயால் பேசுவதும் கிடையாது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொள்வார்கள், மேலே ஒரு துண்டு விழும், உள்ளே விரல்கள் அமுங்கும், மடங்கும். பார்க்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் துணிக்கடியில் கைகோத்து நிற்கும் இரண்டு தூங்குமூஞ்சிகள்தான்.

பிரமாதமான சரக்கு வந்தால்? அப்பா ஒரு வத்தலைக் கிள்ளி, முகர்ந்து, கண்ணை மூடித் திறந்து, "சுமார்" என்பார். அதற்கு மேல் ஒரு பாராட்டு எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவின் மீன்குழம்பு சுமார். தங்கச்சி கழுத்துச் சங்கிலி சுமார்.

பள்ளி இறுதித் தேர்வில் நான் வாங்கிய மார்க்கும் சுமார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "காலேஜுல எடம் கெடச்சாப் போ. கெடைக்கலேன்னா மண்டியில உக்காரு."

இரண்டு கல்லூரிகளுக்கு விண்ணப்பித்திருந்தேன். இரண்டும் சின்னவை, வகுப்புக்கு ஒரு கைப்பிடிப் பையன்களைத்தான், அதுவும் நேரில் கூப்பிட்டுப் பார்த்துத்தான், சேர்ப்பார்கள். பெரிய கல்லூரிக் கூட்டத்தில் என் கவிதை தொலைந்துபோகும் என்று எனக்கு ஒரு பயம். (தொலைந்திருந்தால் தமிழுக்கு நல்லதுதான்.)

ஒன்று கடற்கரைக் கல்லூரி. எங்கள் ராயபுரத்துக் கடலேதான் அங்கேயும். ஆனால் மீன்வாடை இல்லாமல், குளித்துத் தலைவாரிய கடல். வாசகசாலை ஜன்னலைத் திறந்தால் புத்தகத்தின் மேல் அலை வந்து பக்கம் புரட்டும். ஆண்டு மலரில் மாணவர்களின் கவிதைகளை அச்சடிப்பார்கள். அச்சில் என் பெயர்! அந்த நினைப்பிலேயே நான் இரண்டு அங்குலம் வளர்ந்துவிட்டேன்.

இன்னொன்று கதர்க் கல்லூரி. மாதவரத்தையும் தாண்டி ஒரு மாந்தோப்புக்குள். எல்லாரும் விடுதியில் தங்கவேண்டும், விடியுமுன் எழவேண்டும், கூட்டவேண்டும், நூற்கவேண்டும். சாப்பாட்டில் மிளகாயே கிடையாது. காரம் புத்தியைக் கெடுக்கும் என்பது அவர்கள் கொள்கை. கடற்கரை கை நழுவினால் இருக்கட்டும் என்று அதற்கும் ஒரு மனு போட்டிருந்தேன்.

அப்பா மண்டியைவிட்டு நகரமாட்டார். அம்மாவின் தம்பி அருணாசலம் மாமாவை என்னோடு அனுப்பினார். மாமாதான் எங்களுக்குக் கொள்முதல். அவர் கண்ணில் மண் தூவிச் சரக்கு விற்றவன் அதுவரை பிறக்கவில்லை.

"ஏலே மருமவனே, ஒனக்கு எது வேணும்?"

"கடற்கரைக் காலேஜ், மாமா."

"மூஞ்சியில காட்டாத. ஆசை தெரிஞ்சா விலை ஏறிரும்."

"காலேஜுக்கு ஏது மாமா விலை?"

"விக்கிறவன்னு ஒருத்தன் இருந்தா விலைன்னு ஒண்ணு இருக்கும்ல? மொதல்ல கதருக்குப் போவோம். அங்க நல்லாப் புகழு. அந்தப் பேச்சைக் கையில வச்சிக்கிட்டு, கடற்கரையில வந்து இறுக்குவோம்."

எனக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. அது ஒரு பெரிய ராஜதந்திரமாகவே பட்டது. என் வயது அப்படி.

எங்கள் மண்டிக்கு வாடிக்கையாக ஜட்கா ஓட்டும் ஏழுமலை எங்களை ஏற்றிக்கொண்டு மாதவரம் பக்கம் விட்டான். மாந்தோப்புக்குள் கதர்க் கல்லூரி முதல்வர் ராட்டையில் நூற்றபடியே என்னை விசாரித்தார்.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்து முற்றமெல்லாம் கூட்டணுமே, தம்பி?"

"கூட்டறதுன்னா எனக்கு உயிர், ஐயா." (வீட்டில் துடைப்பம் எந்த மூலையில் இருக்கும் என்றே எனக்குத் தெரியாது.)

"சாப்பாட்டுல காரமே இருக்காது."

"பிறந்ததிலிருந்து அந்தச் சாப்பாட்டைத்தான் ஐயா தேடிக்கிட்டிருக்கேன்."

பக்கத்தில் மாமாவின் மீசை துடித்தது. பரம்பரை அவமானம், ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டார். முதல்வர் ராட்டையை நிறுத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மிளகாய் மண்டியில இப்படி ஒரு பிள்ளையா!" என்றார். இடம் உண்டு என்று அங்கேயே சொல்லி, என் கையில் நூல் நூற்க ஒரு தக்களியையும் கொடுத்து அனுப்பினார்.

வாசலில் ஏழுமலை குதிரைக்குப் புல் காட்டிக்கொண்டிருந்தான். "இன்னா நைனா, கெடச்சிடிச்சா?"

"வேணாத சரக்கு கெடச்சிருக்கு" என்றார் மாமா, பரம திருப்தியோடு.

"வேணாததுக்கு இன்னாத்துக்கு இம்மாந் தொலவு இஸ்துகினு வந்தே? குதிர பாவம் நைனா."

மறுநாள் கடற்கரை. முதல்வர் அறையில் உயரமான புத்தக அலமாரிகள், பச்சைத் துணி விரித்த மேஜை, ஜன்னல் நிறையக் கடல். முதல்வர் என் மனுவோடு இணைத்திருந்த கட்டுரையை எடுத்தார்.

"கடலைப் பற்றி எழுதியிருக்கிறாய். படித்தேன். நன்றாக இருந்தது."

என் நெஞ்சு ஒரு மீனாகத் துள்ளியது. அதே கணம் மேஜைக்கடியில் மாமாவின் கால் என் காலை மிதித்தது. விற்கிறவன் முதலில் புகழ்ந்தால் மூட்டைக்கு அடியில் மண் இருக்கிறது என்பது மாமாவின் அனுபவம்.

"எங்கள் வாசகசாலையைப் பார்த்தாயா?"

பார்த்திருந்தேன். உள்ளே போய், அழாத குறையாக நின்றுவிட்டு வந்திருந்தேன். முகத்தைச் சுளித்தேன்.

"உப்புக்காத்து சார். புத்தகமெல்லாம் நமுத்துப்போயிருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஆண்டு மலர்?"

"கவிதையெல்லாம் சுமார், சார்."

அன்று நான் சொன்ன ஒரே உண்மை அதுதான். எங்கள் வீட்டுக் கணக்கில் அது உச்சிமோந்த பாராட்டு. அவர் வீட்டில் அந்தக் கணக்கு இல்லை. அந்த மலரின் முதல் கவிதை அவருடையது என்பதும் எனக்கு அப்போது தெரியாது.

"அப்படியானால் இங்கே எதற்கு வந்தாய்?"

"சும்மா, இந்தப் பக்கம் வந்தோம் சார்."

மாமா இதுதான் சமயம் என்று நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். "கதர்க் காலேஜுல நேத்தே குடுத்துட்டாங்க. நீங்க என்ன சொல்றீக?"

அறையில் கடல் மட்டும் பேசியது. மாமாவின் முகம் மலர்ந்துகொண்டே போனது. விற்கிறவன் மௌனமானால் இறங்கிவருகிறான் என்று பொருள். முதல்வர் மெதுவாக எழுந்தார்.

"சந்தித்ததில் மகிழ்ச்சி. நீங்கள் போகலாம்" என்று சொல்லி, நாகரிகமாகக் கையை நீட்டினார்.

வாய் போகச் சொல்கிறது, கை வரச் சொல்கிறது. மாமாவின் ஆயுள் முழுதும் இப்படித்தான் பேரம் முடிந்திருக்கிறது. தாவி அந்தக் கையைப் பிடித்தார். தோளிலிருந்த துண்டு காற்றில் ஒரு வட்டம் போட்டு, இரண்டு கைகளின் மேலும் வந்து விழுந்தது.

அந்தத் துண்டைப் பற்றிச் சொல்லவேண்டும். அது மண்டித் துண்டு. எத்தனையோ அறுவடைகளின் தூசி அதில் குடியிருந்தது. ஜன்னல் வெயிலில் சிவப்பாக ஒரு மேகம் எழுந்து, கடற்காற்றின் உதவியோடு நேராக முதல்வரின் முகத்துக்குப் போனது.

துண்டுக்குள் தன் விரல்களை யாரோ ஒரு அன்னியர் ஒவ்வொன்றாக அமுக்கி மடக்குகிற திகைப்பு ஒரு பக்கம். மூக்கில் நெருப்பு ஒரு பக்கம். முதல் தும்மலில் காகிதங்கள் பறந்தன. அடுத்ததில் தலைப்பாகை சரிந்தது. கையை உதறிப் பார்த்தார். மாமா விடுவாரா? பேரத்தின் நடுவில் கையை விட்டால் பேரம் முறிந்தது என்று அர்த்தம்.

"பொறுங்க சார், பொறுங்க, படிஞ்சு வருது!" என்று கத்தினார்.

பியூன் ஓடிவந்தார், வந்ததும் தும்மினார். கதவு திறந்ததில் மேகம் தாழ்வாரத்துக்குப் போய், நேர்காணலுக்காகப் பவுடர் பூசிக் காத்திருந்த பையன்களையும் அவர்களின் தகப்பனார்களையும் வரிசையாகத் தும்மவைத்தது. அந்தத் தும்மல்களின் நடுவே, ஒரு ஊர்வலம்போல், நாங்கள் வெளியேற்றப்பட்டோம்.

"இன்னா மாமு, உள்ளாற ஒரே பேஜாரா கீது?" ஏழுமலை என் மூஞ்சியைப் பார்த்தான். "வாத்யாருக்கு இன்னா, ஜல்ப்பா?"

ஜட்கா கடற்கரைச் சாலையில் ஓடியது. கேட்டேன்: "விரல்ல என்ன மாமா கேட்டீங்க?"

"ரெண்டு வருசப் படிப்ப ஒண்ணரையா முடிச்சுத் தரச் சொன்னேன். மனுசன் இறங்கி வந்துக்கிட்டுதான் இருந்தாரு. தும்மல் கெடுத்திருச்சு."

நான் கடல் பக்கம் திரும்பி அழுதேன். மாமா என்னவென்று கேட்டதற்கு, தூசி என்றேன். மிளகாய் மண்டிக்காரன் மகனாகப் பிறந்ததில் இந்த ஒரு வசதி உண்டு.

இன்றும் எங்கள் வீட்டில் யாராவது கைகுலுக்க நீட்டினால், "அப்பா, துண்டு!" என்று பிள்ளைகள் கூவுகிறார்கள். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் மாமா ஆசை ஆசையாகப் பார்த்துவிட்டு, "பொண்ணு சுமார்" என்றதும், பெண் வீட்டார் பலகாரத் தட்டை உள்ளே எடுத்துப் போனதும் தனிக்கதை. தட்டு திரும்பி வந்தது. என் மனைவி இன்றைக்கும் என் கவிதைகளைப் படித்துவிட்டு, "நல்லா இருக்கு" என்கிறாள். மண்டி வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அர்த்தம் தெரிந்துதான் சொல்கிறாள்.

ஆனால் நெடி அடங்கும்போது என் முன்னால் நிற்பது அந்த மாந்தோப்புதான். கதர்க் கல்லூரியில் சேர்ந்த காலை. ஏழுமலை என் டிரங்குப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "உஷாரா இரு மாமு, தொடப்பத்த மாத்திப் புட்ச்சிறாத" என்று சொல்லி ஜட்காவைத் திருப்பினான். மாமா கிணற்றைப் பார்த்தார், விடுதியைப் பார்த்தார், மாமரங்களைப் பார்த்தார். ஒன்றுக்கும் குறை சொல்லவில்லை. குறை சொல்லாத மாமாவை நான் அதுவரை பார்த்ததில்லை. என் கையைப் பிடித்தார். துண்டு தோளிலேயே இருந்தது. விரல்கள் மட்டும் ஒருதரம் அமுங்கின. என்ன விலை என்று எனக்குப் புரியவில்லை.

முதல்வர் வாசல்வரை வந்து, "கவலைப்படாமப் போங்க. நல்ல பிள்ளை" என்றார்.

மாமா ஜட்காவில் ஏறி உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல், குதிரையின் காதுகளைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நல்ல பிள்ளையெல்லாம் இல்லீங்க, ஐயா. சுமார்தான். ரொம்பச் சுமார்."