மூக்கறுந்த ராஜாவும் சிவப்பு அம்பும்

திருப்பூரில் பனியன் மூட்டை சுமப்பவர்கள் எத்தனையோ பேர். சட்டைப் பையில் ஒரு சக்கரவர்த்தியைச் சுமந்தவர் எங்கள் ராசா மாஸ்டர் ஒருவர்தான்.

வீரபாண்டியில் நான் வேலை பார்த்த கம்பெனியின் செக்கிங் மாஸ்டர் அவர். பையில் இருந்தது, குடும்பத்தில் எப்படியோ வந்து சேர்ந்த, பழைய கிழக்கு ரோமப் பேரரசான பைசாந்தியத்தின் தங்கக் காசு ஒன்று. அரைப் பவுனுக்குச் சற்று அதிகம். வெளியிட்டவர், அதில் முகம் பதிந்திருக்கும் சக்கரவர்த்தி இரண்டாம் ஜஸ்டினியன். எதிரிகள் மூக்கை அறுத்து நாடு கடத்தியும், பத்து வருடம் கழித்துத் திரும்பி வந்து அரியணை ஏறி அந்தக் காசை அடித்தவர்.

துணியில் இழை எண்ணும் லென்ஸில்தான் மாஸ்டர் காசையும் பார்ப்பார். அந்த நாட்டு அரசர்கள் அத்தனை பேரும் அவருக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. காதல் தோல்வியில் நான் தாடி வளர்த்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"கண்ணு, ஹெராக்ளியஸ்னு ஒரு ராசா. புதுக்காசு வர வர அவருக்குத் தாடி நீளமாயிட்டே போகும். நீ இப்ப எத்தனாவது காசுல இருக்கற?"

அன்று மாலையே சவரம் செய்துகொண்டேன்.

மேனேஜர் தன் படத்தை கேட்டிலும் கேன்டீனிலும் மாட்டியபோது, "ஐரீன்னு ஒரு மகாராணிங்க. காசுக்கு ரெண்டு பக்கமும் அவங்க மூஞ்சியேதான்" என்றார். மறுநாள் கேன்டீன் படத்தைக் காணோம்.

வேலையில் மட்டும் ஆள் எமன். அப்ரூவ் ஆன சாம்பிளோடு ஒத்துப்போகாத பீஸ் மீது சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார். ஒட்டிவிட்டால் முதலாளியே கெஞ்சினாலும் அது அடுத்த டேபிளுக்குப் போகாது.

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. "ஏனுங்க, அந்த ராசாவ உருக்கி மாப்பிள்ளைக்கு மோதரம் போட்றலாமுங்க" என்றார் அவர் மனைவி. மாஸ்டர் மறுக்கவில்லை. மூன்று நாள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

மனைவி, மகளோடு திருப்பூர் ராயபுரத்து நகை ஆசாரி கடைக்குப் போனபோது துணைக்கு என்னையும் கூப்பிட்டார். அடுப்பு தயாராக இருந்தது. காசைக் கொடுக்க நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அவரைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அவரிடமே செக்கிங் பழகிய மகள், "ஒரு நிமிசம் குடுங்கப்பா" என்று காசையும் லென்ஸையும் வாங்கினாள். நிதானமாகப் பார்த்தாள்.

"இவருக்கு மூக்கறுந்து போச்சுன்னுதானுங்கப்பா சொன்னீங்க?"

"ஆமா சாமி."

"இதுல மூக்கு முழுசா இருக்குதுங்க. சாம்பிளுக்கு ஒத்துவரல."

கைப்பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து, சக்கரவர்த்தியின் மூக்குக்கு நேராக ஒட்டினாள். "இந்த பீஸ் ரிஜெக்ட். அடுத்த டேபிளுக்குப் போகக்கூடாதுங்க." தன் பழைய ஜிமிக்கியைக் கழற்றி ஆசாரியிடம் கொடுத்தாள். அவள் அம்மா திட்ட வாயைத் திறந்தார், சிரித்துவிட்டார்.

மாஸ்டர் லென்ஸை வாங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் எடுக்கவேயில்லை. கீழே கன்னம் நனைந்திருந்தது.

போன மாதம் அவரைப் பார்த்தேன். காசை எடுத்துக் காட்டினார். ஸ்டிக்கரின் சிவப்பு வெளுத்துவிட்டது. ஓரம் தூக்கிக்கொண்டிருந்த அந்த அம்பை, கட்டை விரலால் மெதுவாக அழுத்தி ஒட்டிவிட்டு, மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.