மாலை போட்ட மடிக்கணினி

உலாவியை உரிய காலத்தில் புதுப்பிப்பது ஒரு குடிமகளின் கடமை என்று நான் ஒரு காலத்தில் மெய்யாகவே நம்பியிருந்தேன். சமூகப்பணியில் முதுகலை முடித்து, தூத்துக்குடி திரேஸ்புரத்து மீனவப் பெண்கள் குழுக்களுக்கு இணையப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த நாள்கள் அவை. "நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு புதுப்பிப்பும் திருடனுக்குத் திறந்து வைத்த சன்னல்" என்று, மீன் விற்ற அலுப்பில் கொட்டாவி விட்டபடி அமர்ந்திருக்கும் அக்காமார்களிடம் முழங்குவேன். (அவர்களுள் பாதிப் பேர் வீட்டுச் சன்னலுக்குக் கதவே கிடையாது என்பது எனக்குத் தோன்றியதேயில்லை.) எதைச் செய்தாலும் அதன் விளைவை நாலாபக்கமும் எடைபோட்டுப் பார்ப்பவள் என்று எனக்கொரு நல்ல பெயர் இருந்தது. அந்தப் பெயரை என் நிச்சயதார்த்தத்தன்று காலையில் ஒரு சிவப்பு அம்புக்குறியை அழுத்தி நானே கெடுத்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை அமலன் சரக்குக் கப்பலில் வேலை பார்ப்பவர். பெண் பார்த்து, பேசி முடித்து, பெரியவர்கள் அனுமதியோடு ஒரே ஒரு மாலைப்பொழுது இருவரும் கடற்கரையில் உட்கார்ந்து பேசினோம். மறுவாரம் அவர் கப்பலேறிவிட்டார். அதன்பிறகு எங்கள் காதல் முழுவதும் உலாவியின் தயவில்தான் நடந்தது. அந்தக் கப்பலின் இணையம் கைப்பேசிச் செயலிகள் எதையும் உள்ளே விடாது. உலாவியில் திறக்கும் ஓர் அழைப்பை மட்டும் போனால் போகிறதென்று அனுமதிக்கும். நடுக்கடலில் அதுவும் திணறும். "சாப்பிட்டீங்களா?" என்று நான் கேட்டால், பதில் வந்து சேருவதற்குள் எனக்கே மறுபடி பசித்துவிடும். கரையோரம் நங்கூரமிட்டிருக்கும் நாள்களில்தான் முகம் முகமாகத் தெரியும். அவர் போன பிறகும் அந்தத் தாவலை மூட எனக்கு மனம் வராது. 'அழைப்பு முடிந்தது' என்ற வெற்று எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருப்பேன். (முதுகலைப் பட்டம் என்று சொன்னேன் அல்லவா?)

அவருக்குக் கிடைக்கும் விடுப்பு குறுகியது. அதற்குள் கல்யாணம் நடக்க வேண்டுமானால், அவர் ஊர் வந்து சேருமுன்பே மாதா கோயிலில் மூன்று ஞாயிறும் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்திருக்க வேண்டும். ஓலை வாசிக்க வேண்டுமானால் நிச்சயம் முடிந்திருக்க வேண்டும். நிச்சயம் முடிய, சாமியாருக்குப் பதிலாகச் செபம் சொல்லி நடத்திவைக்கும் உபதேசியார் முன்னிலையில் மாப்பிள்ளை தன் வாயால் 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். அன்றைக்கு அவருடைய கப்பல் ஏதோவொரு துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டிருந்தது. மதியம் தாண்டினால் கிளம்பிவிடும். தவறினால் கல்யாணம் அடுத்த விடுப்புக்குப் போய்விடும். அதாவது, இன்னொரு முழுப் பயணம். இதையெல்லாம் யோசித்துத்தான், மாப்பிள்ளையின் இடத்தில் என் மடிக்கணினி அமரலாம் என்று இரு வீட்டாரும் ஒப்புக்கொண்டார்கள்.

காலையில் உலாவியைத் திறந்தபோது மூலையில் புதுப்பிக்கச் சொல்லும் அந்த அம்புக்குறி இருந்தது. முதலில் பச்சையாக, பின்பு மஞ்சளாக இருந்தது, அன்று பார்த்துச் சிவந்திருந்தது. நான் எடைபோட்டேன். சடங்கின் நடுவே அது தானாகவே நின்று புதுப்பித்துக்கொண்டால் என்ன ஆவது? அழுத்தினேன்.

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானளா பேசிக்கிட்டிருந்த?" என்றான் அண்ணன் செல்வின். "ஓடுதத ஏன் நோண்டுத?"

"பாதுகாப்புண்ணே."

"யாருக்கு?"

புதுப்பித்துத் திரும்பிய உலாவியைப் பார்த்தபோது, ஊருக்குப் போய் வருவதற்குள் வீட்டுச் சாமான்களையெல்லாம் வேறு யாரோ இடம்மாற்றி வைத்ததுபோல் இருந்தது. வலப்பக்கம் இருந்த பொத்தான் இடப்பக்கம் போயிருந்தது. சேமித்து வைத்த பக்கங்களைக் காணவில்லை. 'என்னென்ன புதுமைகள் பாருங்கள்!' என்று பலூன்கள் பறந்தன. ஒலிவாங்கியைப் பயன்படுத்தலாமா, கேமராவைப் பயன்படுத்தலாமா என்று, நேற்றுவரை பழகியதே இல்லை என்பதுபோல் கேட்டது. எல்லாவற்றுக்கும் பணிவோடு 'ஆம்' சொன்னேன். நல்லவேளையாக, அழைப்பு திறந்தது. அமலன் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் தெளிவாகத் தெரிந்தார்.

முன்னறையில் மேசை போட்டு, சிலுவையில் தொங்கும் பாடுபட்ட சுரூபம் வைத்து, இருபுறமும் மெழுகுவர்த்தி ஏற்றி, நடுவில் மடிக்கணினியை நிறுத்தினோம். அமலனின் அம்மா பெரிய ரோஜா மாலையோடு வந்திருந்தார். "எம்புள்ள இங்கன இருந்தா மாலை போட மாட்டமா?" என்று திரையின் மேல் அதை அழகாகச் சாத்தினார். உள்ளேயிருந்து அமலன் கைகூப்பிச் சிரித்தார். எல்லாரும் சிரித்தோம். அப்போது அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

உபதேசியார் செபம் சொல்லி முடித்தார். என்னைக் கேட்டார், சொன்னேன். பிறகு திரைப் பக்கம் திரும்பி, "மகனே அமலன், இந்தப் பிள்ளைய ஏத்துக்கிட உனக்குச் சம்மதமா?" என்றார்.

அமலன் வாயைத் திறந்தார். அப்படியே உறைந்துபோனார்.

இமைகள் பாதி மூடி, உதடுகள் பாதி திறந்து, தலை ஒருபக்கம் சாய்ந்து, மோட்சத்தைக் கண்ட புனிதரைப்போல் அசைவற்று இருந்தார். சத்தமும் இல்லை. பதில் வரும் வரும் என்று வீடே மூச்சடக்கி நின்றது. நான் குனிந்து ஒலிவாங்கிக் குறி எங்கே போனதென்று தேடிக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் பார்த்து, பஸ்ஸைத் தவறவிட்ட மரியதங்கம் சித்தி புன்னைக்காயலிலிருந்து வந்து வாசலில் நின்றார். மாப்பிள்ளை திரையில் வரப்போகிறார் என்பது அவருக்குத் தெரியாது. அவர் கண்டதெல்லாம் சுரூபம், எரியும் மெழுகுவர்த்திகள், நடுவே மாலை போட்ட படம், பேச்சற்று நிற்கும் கூட்டம், தலைகவிழ்ந்த மணப்பெண்.

"ஐயோ எம்மா! மாப்ள போயிட்டாவளே!" கையிலிருந்த மக்ரூன் டப்பா தரையில் உருண்டது. "ஏ கடலே, நிச்சயத்தன்னைக்கா எடுப்ப? இந்தப் புள்ள உனக்கு என்ன செஞ்சுச்சு?"

"சித்தி, அழாதிய. அவரு நல்லாத்தான் இருக்காரு. நெட்டுதான் போயிட்டு!" என்றான் செல்வின்.

"எது போனா என்னலே? போனது போனதுதான?"

இதில் யாராலும் விளக்க முடியாதது ஒன்று உண்டு. மகன் உயிரோடிருப்பதை நன்றாக அறிந்த அமலனின் அம்மாவும் சித்தியின் தோளில் சாய்ந்து விம்மத் தொடங்கிவிட்டார். பிள்ளையைக் கடலுக்கு அனுப்பிய தாயிடம் அந்த அழுகை எப்போதும் தயாராகவே இருக்கும்போலும். வெளியே வர ஒரு மாலையும் மெழுகுவர்த்தியும் போதுமாக இருந்தன.

"தலைய ஆட்டுன மாரிதான் இருந்துச்சு. சம்மதம்னு வச்சுக்கிடுங்க" என்றார் அமலனின் அப்பா.

"வச்சுக்கிட முடியாது" என்றார் உபதேசியார். "சம்மதத்த ஆளுதான் சொல்லணும், படம் சொல்லக் கூடாது. சாப்பிட்டுட்டு வருவோம். அதுக்குள்ள வந்தா பார்ப்போம்."

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். மூடித் திற, அணைத்துப் போடு, பின்பக்கம் தட்டு. நான் எதற்கும் இணங்கவில்லை. மூடினால், மறுபடி கிடைக்காவிட்டால்? கப்பல் கிளம்பியிருந்தால்? இப்போது ஒரு முகமாவது இருக்கிறது. பிறகு அதுவும் இருக்காதே. எல்லாரும் பந்திக்குப் போனார்கள். மட்டன் பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது. நானும் மாலை போட்ட மடிக்கணினியும் மட்டும் மிஞ்சினோம்.

யாரும் இல்லை என்ற தைரியத்தில் அந்தப் பாதிக் கண்களிடம் பேசினேன்.

"ஒரு வார்த்தைதான கேட்டாவ? அதச் சொல்லிட்டு நின்னுருக்கக் கூடாதா? இன்னொரு கிறிஸ்மஸையும் உங்க போட்டோகூட என்னால கொண்டாட முடியாது. அன்னைக்குக் கடற்கரையில, குளிருதான்னு கேட்டிய. இல்லன்னு சொன்னேன். பொய்யி. ஆமான்னு சொன்னா கையப் பிடிச்சிருவியளோன்னு பயம். பிடிச்சிருக்கலாம், ஒண்ணும் ஆயிருக்காது." சற்று யோசித்து, "அந்தப் புது மீசையும் உங்களுக்கு நல்லாவே இல்ல" என்று சேர்த்துக்கொண்டேன்.

பிறகு, என் வாழ்வில் முதல்முறையாக எதையும் எடைபோடாமல், பக்கத்தை மீளேற்றும் பொத்தானை அழுத்தினேன். முகம் மறைந்தது. வெள்ளைத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டேயிருந்தது. கடலைப் பார்த்து நிற்கும் பெண்கள் எதைப் பார்த்து நிற்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று.

அமலன் வந்தார். கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார், சிரித்தா, அழுதா என்று தெரியவில்லை.

"எனக்கு இங்க எல்லாம் நல்லாத்தான் தெரிஞ்சுது. கேக்கவும் செஞ்சுது."

"எதுல இருந்து?"

"எல்லாந்தான். சித்தி ஒப்பாரி வச்சப்போ, 'உயிரோட இருக்கேன், உயிரோட இருக்கேன்'னு கத்துதேன். கேப்டன் வந்து எட்டிப் பாத்துட்டுப் போறாரு."

"மீசை?"

"அதுவும் கேட்டுது." விரலால் மீசையை மறைத்துக்கொண்டார். "குளிருதா?"

"ஆமா" என்றேன்.

அதற்குப் பிறகுதான் மற்றவர்களைக் கூப்பிட வேண்டும் என்ற நினைவே எனக்கு வந்தது. உபதேசியார் சோற்றுக் கையோடு ஓடிவந்தார். அவர் கேள்வியை முடிப்பதற்குள், "சம்மதம்! சம்மதம்!" என்று தெருவுக்கே கேட்கும்படி அமலன் கத்தினார். சித்தி மட்டும் நம்பவில்லை. திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், "மாப்ள, ஒரு தடவ கண்ணச் சிமிட்டுங்க" என்றார். அவர் சிமிட்டினார். "இப்ப வாசிங்க ஓலைய!" என்று சித்தி தீர்ப்பளித்தார்.

கல்யாணம் குறித்தபடி நடந்தது. பின்னொரு நாள் அந்தக் கோளாறைப் பற்றி இணையத்தில் தேடினேன். உலகெங்கும் உள்ளவர்கள் ஒரே குறையை எழுதியிருந்தார்கள்: புதுப்பித்த பிறகு எதிராளியின் முகம் உறைந்துவிடுகிறது. கீழே நிறுவனத்தின் பதில்: தங்கள் பொறுமைக்கு நன்றி, அடுத்த பதிப்பில் சரிசெய்யப்படும். "எனக்கும் இதே சிக்கல். என் நிச்சயதார்த்தத்தில்" என்று எழுதி வைத்தேன். பதிப்புகள் பல வந்துவிட்டன. பொத்தான்கள் இடமும் வலமுமாக மாறியபடியே இருக்கின்றன. முகம் இன்னும் உறைகிறது. (அக்காமார்களிடம் இப்போது, "புதுப்பியுங்கள், ஆனால் வீட்டுக்காரர் கூப்பிடும் நாளில் வேண்டாம்" என்று மட்டும் சொல்கிறேன். கொட்டாவி விடாமல் கேட்கிறார்கள்.)

அமலன் மறுபடியும் கடலில் இருக்கிறார். திரையில் அவர் தெரிந்தால் எங்கள் வீட்டில் யாரும் நலம் விசாரிப்பதில்லை. சித்தி இருந்தால் சித்தி, இல்லாவிட்டால் செல்வின், இப்போது பேச்சு வந்திருக்கும் எங்கள் மகளும்கூட, "கண்ணச் சிமிட்டுங்க" என்றுதான் தொடங்குவார்கள். அவர் சிமிட்டுவார். வீடே சிரிக்கும். பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போவார்கள்.

எல்லாரும் போனபிறகு அவர் என்னிடம் கேட்பார்: "குளிருதா?"

வெளியே தூத்துக்குடியின் சித்திரை வெயில் உப்பளங்களைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்.

"ஆமா" என்பேன்.