ஈரப்பதம் அண்ணனின் பகல் தூக்கம்

உலகத்தில் நடக்கிற கெடுதல் அத்தனைக்கும் காற்றிலுள்ள ஈரம்தான் காரணம் என்று நம்பிய ஒரே மனிதர், தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் பீளமேட்டுத் தெருவில்தான் இருந்தார். நூல் மில்லில், இழை அறுந்துபோகாதபடி காற்றின் ஈரத்தைச் சரியாக வைத்திருப்பது அவர் வேலை. சொந்தப் பேர் என்னவோ, ஊருக்கே அவர் ஈரப்பதம் அண்ணன். கல்யாணப் பந்தியில் உட்காருமுன் சட்டைப் பையிலிருந்து ஈரம் அளக்கும் மீட்டரை எடுத்து உயர்த்திப் பிடிப்பார்.

"ஏனுங்க, அப்பளத்தைக் கடைசியா போடுங்க. அஞ்சு நிமிசத்துல நமுத்துப்போயிரும்."

பெண் வீட்டார் முறைப்பார்கள். அப்பளம் அவர் சொன்னபடியே நமுத்துவிடும்.

என் அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. அமெரிக்காவிலிருந்து என் கூடப்பிறந்த அண்ணன் சிபேப் என்கிற மெஷின் அனுப்பியிருந்தான். முகமூடியை மாட்டிக்கொண்டு படுத்தால் குழாய் வழியாகக் காற்றைத் தள்ளும். மூக்கு காயாமலிருக்க, வெந்நீர்த் தொட்டி வழியாக அதை ஈரமாக்கி அனுப்பும். மார்கழி வந்ததும் குழாய்க்குள் தண்ணீர் கோத்து, அப்பாவின் மூக்கிலேயே கொட்டியது.

"கட்டில்ல படுத்து முழுகிச் சாகோணுமா? எனக்கு வேண்டாஞ்சாமி" என்று கழற்றி எறிந்துவிட்டார்.

மாட்டாமல் தூங்கினால் ஒருநாள் போன மூச்சு திரும்பாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஈரப்பதம் அண்ணனிடம் ஓடினேன்.

வந்தார். குழாயைத் தடவிப் பார்த்தார். "மெசின் மேல தப்பில்லீங்க. சூடான ஈரக்காத்து சில்லுங்கற குழாய்ல பட்டா வேர்க்கத்தானுங்க செய்யும். குழாய்க்கு ஒரு சட்டை போட்டுடலாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், திருப்பூரிலிருந்து தையலே இல்லாமல் குழல் மாதிரி ஒடுக்கமாகப் பின்னிய பனியன் துணியோடு வந்தார். குழாய்க்கு இரண்டு சுற்று மாட்டினார். தேங்குகிற தண்ணீர் தொட்டிக்கே திரும்பட்டும் என்று மெஷினைக் கட்டிலுக்குக் கீழே இறக்கி வைத்தார். வெயில் நேரத்தில் எப்படிப் பரீட்சை பண்ணுவது என்று கேட்டேன். எங்கள் ஃபிரிட்ஜைத் திறந்து, இருந்த ஐஸையெல்லாம் பொட்டலம் கட்டிக் குழாய்மேல் அடுக்கினார்.

"மார்கழி ராத்திரி வந்திருச்சுங்க. மொதல்ல நான் படுத்துப் பாக்கறேன்."

முகமூடியைக் கழுவி மாட்டிக்கொண்டு, யாரையும் உட்காரவே விடாத அப்பாவின் கட்டிலில் காலை நீட்டிவிட்டார்.

இரண்டு மணி நேரம் அசைவில்லை. சோற்றுக்கு வராத புருசனைத் தேடி அவர் சம்சாரம் வந்தார். வாசல்படியில் நின்று காது கொடுத்துக் கேட்டவர், அப்படியே சரிந்து உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டார்.

"என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே!"

ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, தூங்கறாருங்க."

"பொய் சொல்லாத கண்ணு. உசுரோட இருந்தா குறட்டை கேக்குமே. இருவது வருசமா, குறட்டை நடுவுல நின்னுபோனா நாந்தான் உலுக்கி மூச்சு வர வெக்கறேன்."

அப்பாவும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அப்பாவின் வியாதியேதான்.

சத்தத்தில் விழித்த மனிதர் அழுகிற சம்சாரத்தைப் பார்க்கவில்லை. குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்க, ஒரு சொட்டு இல்லீங்க."

அன்றிலிருந்து அப்பா மறுபேச்சில்லாமல் மெஷினை மாட்டிக்கொண்டார். ஈரப்பதம் அண்ணனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனவரும் அவர்தான். மெஷின் ஒன்றுதான். ராத்திரி அப்பாவுக்கு, பகலில் அவருக்கு என்று முடிவாகி, இன்னொரு முகமூடி வேண்டுமென்று அமெரிக்காவுக்கு எழுதி வரவழைத்தார்.

மில்லில் ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு, அது முடிந்ததும் ஈரப்பதம் அண்ணன் எங்கள் வீட்டுக்கு வந்து படுப்பார். அப்பா பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, அவர் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று எழுந்திருக்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா காபி குடிக்கப் போனால், அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்துகொள்வேன்.