அப்பா சிரித்த படத்துக்கு ஒரு சிம்பொனி

கொஞ்சம் இசை ரசனை உள்ளவனிடம் துக்கவீட்டுப் பொறுப்பு எதையும் கொடுக்கக் கூடாது. அவன் பந்தல்காரனைக் கூப்பிடட்டும், நாற்காலி எடுத்துப் போடட்டும், அதற்கு மேல் வேண்டாம். என்னிடம் கொடுத்தார்கள்.

அப்பா இறந்த நாற்பதாம் நாள் தக்கலைப் பக்கம் எங்கள் சர்ச்சில் நினைவு ஆராதனை. அப்பாவின் படங்களைத் திரையில் காட்டும் வேலை எனக்கு. அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அப்பா எந்தப் படத்திலும் சிரித்தவரில்லை, முட்டம் கடற்கரையில் எடுத்த ஒன்றைத் தவிர. அலை வந்து அம்மாவின் சேலையை நனைக்க, பக்கத்தில் அப்பா வாய்விட்டுச் சிரிக்கிறார். அம்மாவுக்கோ கண் நரம்பு வற்றிக்கொண்டே வந்தது.

"கையில வச்சுப் பாத்தா ஒரே பொகையா இருக்கு மக்கா. திரையில பெருசாப் போட்டா அப்பா சிரிக்கது தெரியும்லா?"

"தெரியும்மா. எங்கிட்ட விடு."

(விட்டாள், பாவம்.)

அக்கா அப்போதே சொன்னாள்: "லேய், கொயர்காரங்க ரெண்டு கீர்த்தனை பாடட்டும். வெள்ளக்காரன் கச்சேரி எதுக்குலே நமக்கு?"

நான் அவளைப் பரிதாபமாகப் பார்த்தேன். பெங்களூரில் ஹெட்போன் மாட்டி சிம்பொனி கேட்ட ஞானம் அவளுக்கு ஏது? ஒரு சிம்பொனியை வெட்டி, அப்பாவின் பள்ளிக்கூடப் படத்துக்குப் புல்லாங்குழல், கல்யாணத்துக்கு வயலின் என்று ஒட்டினேன். எக்காளமும் முரசும் சேர்ந்து வெடிக்கிற உச்சத்தில் முட்டம் படம். பிறகு இசை தணியும்போது சவப்பெட்டிப் படம். (பெட்டியைச் சுற்றி நின்று குடும்பமாகப் படம் எடுக்காமல் எங்கள் பக்கம் அடக்கம் நடக்காது.)

அம்மா, பாட்டுக்குழுவுக்குப் பின்னால் விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருந்தாள். முழங்கால் போனதால் அவளால் சட்டென்று எழும்ப முடியாது. உச்சம் வந்தது. முரசு அதிர்ந்தது.

எங்கள் சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. கிறிஸ்மஸ் சமயம் இதேபோல எக்காளம் முழங்கும் ஒரு பெரிய பாட்டு வந்தால் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். போதகர் எழுந்தார். பாட்டுக்குழு எழுந்தது. ஒருவரைப் பார்த்து ஒருவராக மொத்த சர்ச்சும் எழுந்துவிட்டது.

நான் முன்னால் ஓடி, உட்காருங்கள் என்று இரண்டு கையையும் கீழே கீழே ஆட்டினேன். பாட்டுக்குழு அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு நாலு குரலில் ஆமென் என்று இழுத்தது. முதுகுகளுக்கு நடுவே அம்மா தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இசை தணிந்தது. எல்லாரும் மரியாதையாக உட்கார்ந்தார்கள். திரை நிறையச் சவப்பெட்டி.

ஆராதனை முடிந்ததும் அம்மாவிடம் போனேன். "இன்னொரு தடவ போடட்டாம்மா?"

"வேண்டாம் மக்கா. பெட்டியப் பாத்தாச்சி. இனி சிரிப்பப் பாத்து என்ன செய்ய?"

அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. அவள் பேசத் தொடங்குவதற்குள் அம்மாவே அதை வேடிக்கையாக்கியிருந்தாள். சொந்தக்காரர் யாராவது பேரப்பிள்ளை படம் என்று போனை நீட்டினால், "மொதல்ல எல்லாரையும் கீழ இருக்கச் சொல்லு மக்கா, மறைக்குது" என்பாள். வீடே சிரிக்கும்.

போன வருடம் அம்மாவுக்குக் கண் இரண்டும் முழுதாகப் போய்விட்டன. இப்போதும் யாராவது படம் காட்ட வந்தால் அதையேதான் சொல்கிறாள்.